காமிக்ஸ் அட்டைக்கு கிளிப் ஸ்டுடியோ பெயின்ட்: எதுவரை நம்பலாம், எங்கே மாற வேண்டும்

காமிக்ஸ் அட்டை ஒன்று உருவாவதில் ஆறு கட்டங்கள் இருக்கின்றன: சிறு மாதிரிகள், பென்சில், மை, அடிவண்ணம், ஒளி நிழல், அச்சுக் கோப்பு. கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் இதில் முதல் ஐந்துக்கும் தாராளமாகப் போதும். மையிலும் அடிவண்ணத்திலும் இதற்கு ஈடான இன்னொரு மென்பொருளைச் சொல்வது கடினம். ஆறாவது கட்டத்தை மட்டும் இதிலேயே முடித்து அச்சகத்துக்கு அனுப்பினால், அதுவரை பட்ட பாடு வீணாகலாம். அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக எடுத்து, அட்டை வேலைக்கு இது எப்படி உதவுகிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்ப்பதே சரி.

ஜப்பானின் செல்சிஸ் நிறுவனம் 2001இல் காமிக்ஸ்டுடியோ என்ற பெயரில் வெளியிட்ட மென்பொருளின் வழித்தோன்றல் இது. 2012இல் இப்போதைய வடிவத்தில் வந்தது. மேலைநாடுகளில் மங்கா ஸ்டுடியோ என்ற பெயரில் நெடுநாள் விற்கப்பட்டு, 2016இல்தான் எல்லா இடத்திலும் ஒரே பெயரானது. கறுப்பு வெள்ளை மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) பக்கங்களுக்காகப் பிறந்த கருவி என்பது இன்றும் இதன் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது. இதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

கான்வாஸ் போடும்போதே கவனம்

புதிய கோப்பு திறக்கையில் பலர் 'இல்லஸ்ட்ரேஷன்' என்ற வகையைத் தேர்ந்து விடுகிறார்கள். அட்டைக்கு 'காமிக்' வகைதான் பொருத்தம். அதுதான் வெட்டிய பின் வரும் அளவு, பிளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியே விடும் கூடுதல் ஓரம்) அகலம், உள்ளோரச் சட்டம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, அந்தக் கோடுகளைக் கான்வாஸின் மேல் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறது.

அமெரிக்க மாத இதழின் அளவை எடுத்துக்கொள்வோம். வெட்டிய பின் 6.625 × 10.25 அங்குலம். நான்கு பக்கமும் எட்டில் ஒரு அங்குலம் பிளீட் சேர்த்தால் 6.875 × 10.5 அங்குலம். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) இது 4125 × 6300 பிக்சல். வெட்டுக்கத்தி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அங்கே இங்கே போகும் என்பதால், முகம், கை, ஆயுத நுனி போன்ற முக்கியமான எதுவும் வெட்டுக்கோட்டிலிருந்து கால் அங்குலம் உள்ளே இருக்கட்டும். உள்ளோரச் சட்டத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டால் கடைசிவரை கண்முன் நிற்கும்.

பிளீட் இல்லாமல் வெட்டு அளவிலேயே வரைந்துவிட்டு, கடைசி நாளில் படத்தை ஏறத்தாழ 4 சதவீதம் பெரிதாக்கிச் சமாளிப்பது பரவலான பழக்கம். கோடுகள் மங்குவது ஒரு பக்கம். ஓரத்தில் நின்ற உருவங்கள் இன்னும் ஓரத்துக்குப் போய் வெட்டுப்படுவதுதான் பெரிய கேடு.

600 டிபிஐ எதற்கு என்ற கேள்வி வரும். கூர்மையான கறுப்புக் கோடு இருந்தால் 600 வேண்டும். கோடே இல்லாமல் முழுக்க வண்ணத்தில் தீட்டும் அட்டைக்கு 350 அல்லது 400 போதும். 600 டிபிஐ அளவில் முழுக்க நிரம்பிய ஒரு வண்ண லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்), சுருக்காத நிலையில் சுமார் 104 எம்பி பிடிக்கும். முன்னட்டை, பின்னட்டை இரண்டையும் சேர்த்துச் சுற்றி வரும் அட்டையென்றால் 13.5 × 10.5 அங்குலம், அதாவது 8100 × 6300 பிக்சல். லேயருக்கு 200 எம்பியைத் தாண்டும். பழைய கணினியில் பெரிய பிரஷ் திணறுவது இதனால்தான். பிரிஃபரன்ஸில் பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குப் போய், மென்பொருளுக்கு ஒதுக்கிய நினைவகத்தைக் கூட்டினால் ஓரளவு சரியாகும்.

சுற்றட்டையில் இன்னொன்று: இடமிருந்து வலமாகப் படிக்கும் புத்தகத்துக்கு முன்னட்டை வலப்பாதியில் வரும், பின்னட்டை இடப்பாதியில். நடுவில் பின் அடித்த இதழுக்கு முதுகு கிடையாது. பசை ஒட்டிய புத்தகத்துக்கு முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையையும் தாளின் தடிமனையும் பொறுத்தது. அதை அச்சகத்திடம் கேட்டு வாங்காமல் கோப்பே திறக்கக் கூடாது.

சிறு மாதிரிகள்

ஒரே கான்வாஸில் 1க்கு 1.55 என்ற விகிதத்தில் ஆறிலிருந்து ஒன்பது கட்டங்கள் போட்டு, கறுப்பு, நடுச் சாம்பல், வெள்ளை மூன்றை மட்டும் வைத்து வேலை செய்ய வேண்டும். இதற்குப் பேனாவைவிட 'லாசோ ஃபில்' என்ற கருவி மேல். சுற்றி வளைத்துக் கையை எடுத்ததும் அந்த வடிவம் நிரம்பிவிடும். கோட்டில் யோசிக்காமல் நிழலுருவில் யோசிக்க வைக்கிறது. அட்டை நிற்பதும் விழுவதும் நிழலுருவில்தான்.

மேலிருந்து கால்பங்கு லோகோவுக்கு. கடைத் தட்டில் ஒன்றன்முன் ஒன்றாக அடுக்கும்போது மேல்பகுதி மட்டும்தான் தெரியும் என்பதால் வந்த வழக்கம் இது. இன்றைக்கும் பெரும்பாலான பதிப்பாளர்கள் அதையே எதிர்பார்க்கிறார்கள். கீழ்மூலை ஒன்றில் பார்கோடுக்கு ஏறத்தாழ 50 × 25 மில்லிமீட்டர் விட வேண்டும். யுபிசி பார்கோட்டை அதன் மூல அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. காமிக்ஸில் பக்கத்தில் ஐந்து இலக்கக் கூடுதல் கோடும் வரும், அதற்கும் இடம் வேண்டும். இந்த இரண்டு இடங்களையும் சாம்பல் கட்டங்களாக ஒரு ஃபோல்டரில் போட்டுப் பூட்டி, லேயர் வரிசையின் உச்சியில் வைத்துக்கொள்ளுங்கள். வில்லனின் கை பார்கோடுக்கு அடியில் போய்விட்டது என்று கடைசியில் பதற வேண்டியிருக்காது.

இந்தக் கட்டத்தில் இந்த மென்பொருளின் மிகச் சிறந்த உதவி ஒரு மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. விண்டோ மெனுவில் கான்வாஸ், அதில் 'நியூ விண்டோ'. அதே கோப்பு இன்னொரு சாளரத்தில் திறக்கும். ஒன்றில் பெரிதாக்கி வரையும்போது மற்றதில் 150 பிக்சல் அகலத்தில் முழு அட்டையும் தெரிந்துகொண்டே இருக்கும். இணையக் கடையில் வாசகர் முதலில் பார்ப்பது ஏறக்குறைய அந்த அளவைத்தான். அதில் யார், என்ன செய்கிறார் என்பது புரியவில்லையென்றால் அந்த மாதிரியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

பென்சில், முப்பரிமாணப் பொம்மைகள், பெர்ஸ்பெக்டிவ்

பென்சிலுக்கு ராஸ்டர் லேயர், அதாவது பிக்சல்களால் ஆன லேயர். அதை 'டிராஃப்ட் லேயர்' என்று குறித்துவிட்டால் பின்னால் வண்ணம் கொட்டும்போது அந்தக் கோடுகளை மென்பொருள் கணக்கில் எடுக்காது, ஏற்றுமதியிலும் விட்டுவிடலாம். 'லேயர் கலர்' பொத்தானை அழுத்தினால் மொத்தப் பென்சிலும் நீலமாகும். மையைக் கறுப்பில் போடும்போது எது பென்சில், எது மை என்று கண் குழம்பாது.

உடலமைப்பும் கையளவும் மாற்றக்கூடிய முப்பரிமாண மனிதப் பொம்மைகள் உள்ளேயே இருக்கின்றன. இவை இரட்டைக் கத்தி. தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணம், முன்னோக்கி நீளும் முஷ்டி போன்ற கடினமான குறுக்கல்களுக்குப் பெரிய துணை. ஆனால் அப்படியே மேல் வைத்து வரைந்தால் உருவம் கட்டை போல் நிற்கும். காரணம், பொம்மையின் தோள்கோடும் இடுப்புக்கோடும் பெரும்பாலும் இணையாகவே இருக்கின்றன. இரண்டையும் எதிரெதிராகச் சாய்த்து, கேமராவின் பெர்ஸ்பெக்டிவ் அளவைக் கொஞ்சம் கூட்டி, பிறகு லேயரின் ஒபாசிட்டியை 20 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டு, அதைப் பார்த்து வரைய வேண்டும். மேலேயே ஒட்டி வரையக் கூடாது. துணி மடிப்பும் தசையின் எடையும் பொம்மையில் கிடையாது. அவை ஓவியரிடமிருந்துதான் வர வேண்டும்.

பெர்ஸ்பெக்டிவ் ரூலர் ஒன்று, இரண்டு, மூன்று மறைபுள்ளிகளுக்கும் (இணைகோடுகள் தூரத்தில் சந்திப்பதுபோல் தோன்றும் இடங்கள்) அருமையாக வேலை செய்கிறது. கட்டடத்தின் உச்சியில் நிற்கும் நாயகனைக் கீழிருந்து காட்ட, மூன்றாவது புள்ளியைக் கான்வாஸுக்கு மேலே வையுங்கள். மறைபுள்ளிகள் கான்வாஸுக்குள்ளோ அதன் ஓரத்தை ஒட்டியோ வந்தால் கட்டடங்கள் இழுபட்டுத் தெரியும்; குறைந்தது ஒரு கான்வாஸ் அகலமாவது தள்ளி இருக்கட்டும். இதில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பேனா தொட்ட முதல் சில பிக்சல்களின் திசையை வைத்துத்தான் கோடு எந்தப் புள்ளிக்குப் போகிறது என்பதை ரூலர் முடிவு செய்கிறது. குட்டையான கோடுகள் தவறான புள்ளிக்குத் தாவும். ஆப்ஜெக்ட் கருவியால் ரூலரைத் தொட்டு, வேண்டாத புள்ளியின் ஸ்நாப்பை (கோட்டைத் தானாக இழுத்துக்கொள்வதை) மட்டும் அணைத்துவிட்டு ஒரே திசைக் கோடுகளையெல்லாம் சேர்த்துப் போட்டு முடித்தால் தொல்லை இல்லை. கண்ட்ரோல் 2 அழுத்தினால் மொத்த ஸ்நாப்பும் அணையும், மறுபடி வரும். மனித உருவத்துக்குத் திரும்பும்போது அதை அணைக்க மறக்க வேண்டாம்.

பென்சிலில் ஒரு கண் கீழே இறங்கிவிட்டது, தாடை அகன்றுவிட்டது போன்ற திருத்தங்களுக்கு, படத்தைத் தள்ளி இழுக்கும் லிக்விஃபை கருவி போதும். கான்வாஸை இடவலம் திருப்பிப் பார்த்துவிட்டு இதைச் செய்யுங்கள். மைக்குப் போன பிறகு இந்தச் சலுகை கிடையாது; மையை வெக்டர் லேயரில் (கோடுகளைப் பிக்சலாக இல்லாமல், திருத்தக்கூடிய வடிவங்களாக வைக்கும் லேயர்) போடுவோம், லிக்விஃபை அதில் எடுபடாது.

மை: இந்த மென்பொருளின் உயிர்நாடி

கிளிப் ஸ்டுடியோவை வாங்க ஒரே ஒரு காரணம் சொல்ல வேண்டுமென்றால் அது வெக்டர் லேயர்தான். பொதுவாக வெக்டர் என்றால் புள்ளி வைத்து வளைக்கும் உயிரற்ற கோடு நினைவுக்கு வரும். இங்கே ஜி பென், மேப்பிங் பென் என்று எந்தப் பேனாவாலும் அழுத்தம் கொடுத்து இயல்பாக வரையலாம். வரைந்த பிறகு அந்தக் கோட்டைப் பிடித்து இழுக்கலாம், தடிமனாக்கலாம், மெலிதாக்கலாம், இரண்டு கோட்டை ஒன்றாக்கலாம்.

அதைவிடப் பெரிய வரம் வெக்டர் அழிப்பான். அதில் 'சந்திப்பு வரை அழி' என்ற முறை உண்டு. தலைமுடியைத் தயங்காமல் காலருக்குள்ளும் தோளுக்குள்ளும் ஓடவிட்டு வீசி வரையுங்கள். பிறகு அதிகப்படி வாலை ஒரு தொடு தொட்டால், கோடு குறுக்கிடும் இடம் வரை துல்லியமாக மறையும். கோட்டின் முனையைச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டுமே என்ற பயம் போய்விடுவதால் கை விடுதலையாகிறது. கோட்டின் வேகம் அட்டையில் தெரிகிறது. வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகளும் ஒரே லேயரில் இருக்க வேண்டும், அல்லது எல்லா லேயரையும் பார்க்கும்படி அந்தக் கருவியின் தெரிவை மாற்ற வேண்டும். இல்லையேல் முழுக் கோடும் போய்விடும்.

கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசேஷன் 0 முதல் 100 வரை. நீளமான அங்கி விளிம்புக்கும் வாள் வளைவுக்கும் 30, 40 வைக்கலாம். முகத்துக்கு 10க்கு மேல் வேண்டாம். கோடு பேனாவுக்குப் பின்தங்கி இழுபட்டு, எல்லா வளைவுகளும் ஒரே மாதிரி வழவழப்பாகும். அதற்கு முன் ஃபைல் மெனுவில் பேனா அழுத்தச் சரிசெய்தலை ஒரு முறை செய்துவிடுங்கள். பாதிப் பேருக்கு ஸ்டெபிலைசேஷனே தேவைப்படாது.

கோட்டுத் தடிமனில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். கையால் வரைகிற மரபில் 11 × 17 அங்குலப் பலகையில் 10 × 15 அங்குலத்துக்கு வரைவார்கள். அச்சில் அது ஏறத்தாழ மூன்றில் இரண்டாகச் சுருங்கும். கணினியில் அச்சு அளவிலேயே வரைகிறோம். அதோடு 200 சதவீதம் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரைவதால், கண் ஏமாந்து மயிரிழைக் கோடுகளாகக் குவிக்கிறது. அச்சில் அவை காணாமல் போகும், அல்லது நெருக்கமான இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகும். பிரிஃபரன்ஸில் அலகை மில்லிமீட்டருக்கு மாற்றிவிட்டால் பிரஷ் அளவும் மில்லிமீட்டரில் வரும். முன்னால் நிற்கும் உருவத்தின் வெளிக்கோடு 0.8 முதல் 1 மில்லிமீட்டர், உள் விவரங்கள் 0.3 முதல் 0.5, பின்னணி 0.2 என்று தொடங்கலாம். 600 டிபிஐயில் 0.1 மில்லிமீட்டர் என்பது இரண்டரை பிக்சல்கூட இல்லை. அதற்குக் கீழே போகவே வேண்டாம்.

வெக்டர் எல்லாவற்றுக்கும் ஏற்றதல்ல. ஃபில் கருவி வெக்டர் லேயரில் வேலை செய்யாது. பெரிய கறுப்புப் பரப்பைப் பேனாவால் தேய்த்து நிரப்பினால் ஆயிரக்கணக்கான கட்டுப்பாட்டுப் புள்ளிகள் குவிந்து கோப்பு நத்தையாகும். உலர்பிரஷ் வகை அமைப்புகளை வெக்டரில் வளைத்தால் அந்த அமைப்பே மாறிவிடும். எனவே வெளிக்கோடுகள் வெக்டரில், கறுப்புப் பரப்புகளும் தெறிப்புகளும் உலர்பிரஷ்ஷும் அடியில் ஒரு ராஸ்டர் லேயரில் என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

அடிவண்ணம்

வண்ணக்காரர்கள் ஃபிளாட்ஸ் என்று சொல்லும் இந்தக் கட்டம் அலுப்பானது. ஆனால் இதில் செய்யும் ஒவ்வொரு சோம்பேறித்தனமும் பின்னால் வட்டியோடு திரும்பி வரும். மை லேயர்களை 'ரெஃபரன்ஸ் லேயர்' என்று குறித்து, அடியில் புதிய லேயர் போட்டு, ஃபில் கருவியில் நான்கு விஷயங்களை அமைக்க வேண்டும்.

முதலில் ஆன்டி அலியாஸிங்கை (விளிம்பை மென்மையாக்கும் வசதி) அணைக்க வேண்டும். இது பேரம் பேச இடமில்லாத விதி. விளிம்பில் அரை வண்ணப் பிக்சல்கள் இருந்தால், பின்னால் அந்தப் பகுதியை மட்டும் தேர்வு செய்யும்போது மெல்லிய நூல் போல ஒரு விளிம்பு விட்டுப்போகும். படி படியாகத் தெரிகிறதே என்று கவலை வேண்டாம், மேலே கறுப்புக் கோடு மூடிவிடும். இரண்டாவது, ரெஃபரன்ஸ் லேயரை மட்டும் பார்க்கச் சொல்வது. மூன்றாவது 'குளோஸ் கேப்'. கோடுகளுக்கிடையே உள்ள சிறு இடைவெளிகளை மூடியதாகப் பாவித்துக்கொள்ளும். அளவைக் கூட்டிக்கொண்டே போனால் விரலிடுக்கு, முடிக்கற்றை போன்ற ஒடுக்கமான மூலைகளுக்குள் வண்ணம் போகாது. நடுவாந்தர அளவில் வைத்து, மிச்சத்தை நிரம்பாத இடங்களைத் தேடி நிரப்பும் துணைக்கருவியால் துடைத்துவிடலாம். நான்காவது 'ஏரியா ஸ்கேலிங்'. வண்ணம் கோட்டின் அடிக்குள் நுழைய வேண்டும். கோடு 0.5 மில்லிமீட்டர் என்றால் 12 பிக்சல். பாதி, அதாவது 6 பிக்சல் உள்ளே போனால் இரண்டு பக்க வண்ணமும் கோட்டின் நடுவில் சந்திக்கும். கோட்டுத் தடிமன் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் எண்ணை நம்பாமல், அடர்த்தியான பிக்சல் வரை விரியும் முறையைத் தேர்வதே மேல். மை வெக்டரில் இருந்தால் இன்னும் சுலபம்: வெக்டர் கோட்டின் நடுத்தடம் வரை நிரப்பு என்ற தெரிவே இருக்கிறது. இந்த ஒரு வசதிக்காகவே மையை வெக்டரில் போடலாம்.

ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் அடியில் பளிச்சென்ற மெஜந்தாவில் ஒரு லேயர் போடுங்கள். விட்டுப்போன ஒவ்வொரு பொட்டும் கத்திக்கொண்டு தெரியும்.

அடிவண்ணம் இறுதி வண்ணமாக இருக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த பகுதிகள் வேறுபட்டிருந்தால் போதும். ஆனால் ஒரு கவனம்: இரண்டு பாத்திரங்களின் தோலுக்கும் அச்சுப்பிசகாமல் ஒரே வண்ணம் கொடுத்துவிட்டால், ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது இருவரும் வருவார்கள். ஒரு எண்ணிலாவது மாற்றி வையுங்கள். இந்த லேயரைப் பூட்டிவிட்டு, நகலெடுத்து அதன்மேல்தான் தீட்ட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் ஆட்டோ செலக்ட் கருவியில் 'ஒட்டியிருக்கும் பிக்சல் மட்டும்' என்பதை அணைத்து, பூட்டிய லேயரில் ஒரு தட்டு தட்டினால் நாயகியின் சிவப்பு அங்கி முழுவதும், துண்டு துண்டாக இருந்தாலும், ஒரே நொடியில் தேர்வாகும்.

ஒளி நிழல்

முக்கிய விளக்கு எங்கிருந்து வருகிறது, இரண்டாவது விளக்கு உண்டா, பின்னணி உருவத்தைவிட வெளிச்சமா இருட்டா என்ற மூன்று கேள்விக்கும் சிறு மாதிரியிலேயே பதில் இருக்க வேண்டும். பிறகு வேலை சீராகப் போகும்: வண்ண லேயருக்கு மேல் 'கிளிப்' செய்த (அதன் எல்லைக்குள் அடக்கிய) மல்டிப்ளை லேயரில், அதாவது அடியிலுள்ள வண்ணத்தை இருட்டாக்கும் லேயரில், நிழல், நார்மல் லேயரில் உருவத்தின் திரட்சி, கடைசியாக ஒளிக்கீற்று. 2023இல் வந்த 2.0 பதிப்பில் நிழலைத் தானாகப் போடும் ஒரு வசதியும் சேர்ந்தது. உள்பக்கத்தின் சின்னக் கட்டங்களுக்கு ஓரளவு சரி. அட்டையில் வேண்டாம். ஒரு முகத்தின் மூக்கு நிழல் எங்கே விழ வேண்டும் என்பதை அது அறியாது.

வெளிச்சத்துக்கு 'ஆட் குளோ', 'குளோ டாட்ஜ்' இரண்டும் கண்ணைக் கவரும். இந்தக் கலப்பு முறைகள் இதே வடிவில் ஃபோட்டோஷாப்பில் கிடையாது. பிஎஸ்டியாகச் சேமித்து அங்கே திறந்தால் வெளிச்சம் மாறித் தெரியலாம். கோப்பை வெளியே கொண்டுபோகும் முன், ஒரு நகலில் அந்த லேயர்களை அடியிலுள்ள படத்தோடு இணைத்து நார்மலாக்கிவிட வேண்டும்.

இந்த மென்பொருள் ஒரு வண்ணத் தடத்துக்கு 8 பிட் மட்டுமே தருகிறது. அட்டைகளில் அடிக்கடி வரும் பெரிய அந்தி வானத்தில் இதனால் பட்டை பட்டையாகத் தெரியும் ஆபத்து உண்டு. கிரேடியன்ட்டின் மேல் பெர்லின் நாய்ஸ் லேயர் ஒன்றை 3, 4 சதவீத ஒபாசிட்டியில் போடுங்கள், அல்லது ஸ்ப்ரே வகை ஏர்பிரஷ்ஷால் மேலே ஒரு சுற்று தூவுங்கள்.

மதிப்பு (வெளிச்ச இருட்டு வேறுபாடு) சரிபார்க்க, உச்சியில் முழுக் கறுப்பு லேயர் ஒன்று போட்டு அதன் கலப்பு முறையை 'கலர்' ஆக்கினால் மொத்தமும் சாம்பலாகும். அந்த நிலையிலும் நாயகன் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்க வேண்டும். தூரத்து மலை, நெருப்பு, மாயஒளி போன்றவற்றின் கோடுகளைக் கறுப்பிலிருந்து வண்ணத்துக்கு மாற்றினால் ஆழம் கூடும். வெக்டர் லேயரில் கோட்டைத் தேர்ந்து வண்ணத்தை மாற்றினால் போதும், மறுபடி வரைய வேண்டியதில்லை. அப்படி மாற்றிய கோடுகளைத் தனி லேயருக்குக் கொண்டுபோய்விடுங்கள். காரணம் அடுத்த பகுதியில்.

அச்சுக் கோப்பு: இங்கேதான் மாற வேண்டும்

கிளிப் ஸ்டுடியோ உள்ளுக்குள் ஆர்ஜிபியில் (திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளி) மட்டுமே வேலை செய்கிறது. வியூ மெனுவில் கலர் புரொஃபைல் முன்பார்வைக்குப் போய், அச்சகம் தந்த ஐசிசி புரொஃபைலை (அங்கே வண்ணங்கள் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) தேர்ந்தால், அச்சில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே காட்டும். இது நல்ல வசதி. ஒளி நிழல் தொடங்கும்போதே போட்டுவிடுங்கள். மின்னும் நீலப்பச்சை, ஊதா, பளீர் பச்சை எல்லாம் மங்குவதை முடிந்த பிறகு பார்த்தால் மனம் உடைந்துபோகும். ஏற்றுமதியில் சிஎம்ஒய்கே (நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகள்) டிஃப், பிஎஸ்டி, ஜேபெக் தருகிறது. ஆனால் லேயர்கள் எல்லாம் ஒன்றாகி, புரொஃபைல் சொன்னபடி தானாக மாற்றித்தான் தரும். நான்கு தடங்களில் எதையும் கையால் தொட முடியாது.

இதில் அடிபடுவது கறுப்புக் கோடு. ஆர்ஜிபி கறுப்பு, புரொஃபைல் வழியாக மாறும்போது நான்கு மையும் கலந்த கறுப்பாகிறது. அமெரிக்க அச்சுத் தரநிலையான ஸ்வாப் புரொஃபைலில் பழகிய மாற்றம், அதே நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு வரிசையில், 75, 68, 67, 90. கூட்டினால் 300 சதவீதம். நான்கு மைக்கான அச்சுத் தகடுகளும் மயிரிழை பிசகினால்கூட, ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் சிவப்போ நீலமோ நிழல் தட்டும். அத்தனை சிரத்தையோடு போட்ட மை மங்கலாகிவிடும். கோடு கறுப்புத் தகட்டில் மட்டும் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. கிளிப் ஸ்டுடியோவால் அதைச் செய்ய முடியாது.

வழி இருக்கிறது. கறுப்பு மை லேயர்களை நகலெடுத்து ஒன்றாக்கி, எக்ஸ்பிரஷன் கலரை மோனோகுரோம் ஆக்கி, 600 டிபிஐயில் தனி டிஃப் கோப்பாக எடுங்கள். வெக்டர் மூலம் அப்படியே கோப்பில் இருக்கட்டும். பிறகு கறுப்புக் கோட்டை அணைத்துவிட்டு, வண்ணக் கோடுகளோடு சேர்த்து வண்ணத்தை மட்டும் ஆர்ஜிபியில் புரொஃபைலோடு எடுங்கள். இரண்டையும் ஃபோட்டோஷாப், அஃபினிட்டி, கிரிட்டா போன்ற சிஎம்ஒய்கே தெரிந்த மென்பொருளில் சேர்த்து, வண்ணத்தை மாற்றி, கோட்டைக் கறுப்புத் தடத்தில் மட்டும் ஓவர்பிரின்ட்டாக (அடிவண்ணத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாகும்படி) வையுங்கள். அடிவண்ணம் கோட்டுக்கடியில் நன்றாக நுழைந்திருந்தால் வெள்ளை விளிம்பு எங்கும் எட்டிப்பார்க்காது. அந்த ஏரியா ஸ்கேலிங்கின் பலன் கைக்கு வருவது இப்போதுதான்.

கறுப்புத் தகடு மட்டும் அச்சான பெரிய பரப்பு சோகையாகத் தெரியும். எனவே விரிந்த இருளுக்கடியில் வண்ணக் கோப்பில் 60, 40, 40 அளவில் நீலம், மெஜந்தா, மஞ்சள் கொடுங்கள். மேலே வரும் 100 கறுப்போடு சேர்ந்து 240 சதவீதம். பெரும்பாலான அச்சகங்களின் வரம்பான 300க்கு நன்கு உள்ளேயே இருக்கும். அந்த அடிப்பூச்சைக் கறுப்பின் விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டர் உள்ளிழுத்து வைத்தால் தகடு பிசகினாலும் வெளியே தெரியாது. லோகோவும் எழுத்தும் பார்கோடும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் வெக்டராகவே சேர வேண்டும். பார்கோடு வெள்ளைப் பரப்பில் நூறு சதவீதக் கறுப்பில் மட்டும்.

கோடில்லாத, முழுக்கத் தீட்டிய அட்டையென்றால் இவ்வளவு தேவையில்லை. முன்பார்வை திருப்தியாக இருந்தால் இங்கிருந்தே சிஎம்ஒய்கே டிஃப் எடுத்து அனுப்பலாம். திரையில் மட்டும் படிக்கும் காமிக்ஸுக்கு ஆர்ஜிபியே போதும், இந்தப் பகுதி முழுவதையும் மறந்துவிடலாம்.

எந்தப் பதிப்பு

அட்டை மட்டும் வரைபவருக்கு புரோ பதிப்பு போதும். வெக்டர் லேயர், ரூலர்கள், முப்பரிமாணப் பொம்மைகள், மேலே சொன்ன ஃபில் அமைப்புகள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. இஎக்ஸ் பதிப்பு கூடுதலாகத் தருவதில் முக்கியமானவை இரண்டு: பல பக்கங்களை ஒரே கோப்பாகக் கையாள்வது, முப்பரிமாணப் பொருளையோ புகைப்படத்தையோ கோட்டோவியமாக மாற்றும் எல்டி கன்வர்ஷன். முழுப் புத்தகத்தையும் வரைபவருக்கும், முதுகு அகலத்தோடு அட்டையையும் உள்பக்கங்களையும் ஒன்றாக வைத்திருக்க நினைப்பவருக்கும் இஎக்ஸ்.

விண்டோஸ், மேக் இரண்டிலும் ஒரே முறை பணம் கட்டி வாங்கலாம். டேப்லெட்டிலும் போனிலும் சந்தா மட்டுமே. ஒரே முறை வாங்கியவருக்கு அடுத்த பெரிய பதிப்பின் வசதிகள் தானாக வராது. ஆண்டுதோறும் வரும் புதுமைகளில் அட்டைக்கு அவசியமானவை குறைவு என்பதால், கணினியில் வேலை செய்பவர் ஒரே முறை வாங்குவதே சரி.

ஐபேடில் பயன்படுத்துபவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். படங்கள் வழக்கமாக ஆப்பின் சொந்த இடத்தில்தான் சேமிக்கப்படுகின்றன. ஆப்பை நீக்கினால் அவையும் சேர்ந்து போய்விடும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கோப்பின் நகலை கிளவுடுக்கோ கணினிக்கோ அனுப்பிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். மை முடிந்ததும் ஒன்று, அடிவண்ணம் முடிந்ததும் ஒன்று என்று குறைந்தது இரண்டு நகலாவது வெளியே இருக்க வேண்டும்.